வெற்றுநிலத்தில் வழி கேட்பது

படகோனியாவுக்கு நான் போனதில்லை. போவேன் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் தென்னமெரிக்காவின் அந்தத் தெற்குக் கோடியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தச் சாலை போகிறது, எங்கே தார் முடிந்து சரளை தொடங்குகிறது என்பதையெல்லாம் ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். நடைபாதைக் கடையில் கிடைத்த ப்ரூஸ் சாட்வினின் ‘படகோனியாவில்’ (1977) என்ற புத்தகத்தில் தொடங்கிய கிறுக்கு இது. அப்புறம் டார்வின், அப்புறம் மஸ்டர்ஸ். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஸ்பானிஷ் தெரியாது என்பது பெரிய குறைதான்.

ஒருமுறை இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. ‘அங்க அப்படி என்னதான் இருக்கு தோழர்? காத்தும் புல்லும்தானே?’ என்றார் நண்பர். ‘ஒண்ணுமே இல்ல. அதான் விசேஷம்’ என்றேன். சொன்னபோது பதில் எனக்கே பிடித்திருந்தது. வீடு திரும்பும் வழியில் உறுத்த ஆரம்பித்தது. அது என் பதில் இல்லை. நான் படித்த புத்தகங்களின் பதில். அங்கே ஒன்றுமில்லை, வெட்டவெளி, உலகத்தின் கடைசி, மனிதன் தன்னைத் தானே சந்திக்கும் இடம்... (நானும் ‘வெறுமை’யைப் பற்றிக் கவிதை எழுதியவன்தான், மறைப்பதற்கில்லை.) ‘அங்கே ஒன்றுமில்லை’ என்பது அந்த நிலத்தைப் பற்றிய வர்ணனை அல்ல. அந்த நிலத்தின் மீது நடத்தப்பட்ட ஒரு போரின் பெயர் அது. பியூனஸ் அய்ரஸ் அரசாங்கம் 1878 முதல் 1885 வரை தெற்கே நடத்திய படையெடுப்புக்கு வைத்த அதிகாரபூர்வமான பெயர் ‘பாலைவன வெற்றி’. பாலைவனத்தை யாராவது வெல்ல முடியுமா? வெல்லப்பட்டவர்கள் மனிதர்கள். அவர்களைப் பெயரிலிருந்து நீக்கினால்தான் வெற்றி சுத்தமாக இருக்கும்.

பயணநூல் என்பது போனவருக்கும் போகாதவருக்கும் இடையே நடக்கும் ஓர் ஒப்பந்தம். அவர் பார்த்ததை நாம் நம்ப வேண்டும். இந்த ஒப்பந்தத்தை மீறி வாசிக்கலாம் என்று தோன்றியது. அவர் என்ன பார்த்தார் என்று கேட்க வேண்டாம். எப்படிப் போனார்? குதிரை யாருடையது? ஆற்றில் எந்த இடத்தில் இறங்கலாம் என்று சொன்னது யார்? ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டார்? பிரதிக்குள் போக்குவரத்தைத் தேடினால், நிலக்காட்சிக்குள் காணாமல் போன ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள்.

1520இல் மெகல்லனின் கப்பல்கள் குளிர்காலத்தைக் கழிக்க சான் ஹூலியான் விரிகுடாவில் ஒதுங்கின. கரையில் ஆடிப்பாடிக்கொண்டு வந்த ஆளை ‘அரக்கன்’ என்று எழுதிவைத்தார் கூடவே வந்த இத்தாலியர் பிகாபெட்டா. ‘படகோன்’ என்ற பெயர் அப்போது பிரபலமாயிருந்த ஒரு ஸ்பானிய வீரக்கதையில் வரும் விநோதப் பாத்திரத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆக, அந்த நிலத்துக்குப் பெயர் வந்ததே ஒரு நாவலிலிருந்துதான்! இருவரைப் பிடித்த விதத்தையும் பிகாபெட்டா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கத்தி, கண்ணாடி, மணி என்று கைகள் நிறையும் வரை பரிசு கொடுத்தார்கள். கைகள் நிறைந்ததும் இரும்பு விலங்குகளைக் காட்டி, இதுவும் உங்களுக்குத்தான் என்றார்கள். வாங்கக் கை ஒழிவில்லை. காலில் மாட்டிவிடுகிறோம் என்று மாட்டினார்கள். அடித்துப் பூட்டிய பிறகே அவர்களுக்குப் புரிந்தது. ‘செத்தெபோஸ்’ என்று தங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டு அலறினார்கள். அந்தத் தெய்வத்தின் பெயரை ஷேக்ஸ்பியர் ‘புயல்’ நாடகத்தில் எடுத்துக்கொண்டார். அந்த இருவரும் கப்பலிலேயே இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவன் சாவதற்கு முன் பிகாபெட்டா அவனிடமிருந்து தொண்ணூறு சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். படகோனியாவின் முதல் வழிகாட்டி நூல் இந்தச் சொற்பட்டியல்தான். தகவல் சொன்னவனுக்குக் காலில் விலங்கு.

1834இல் டார்வின் வந்தார். கேப்டன் ஃபிட்ஸ்ராயோடு இருபத்தைந்து பேர், மூன்று படகுகள். சாந்தா க்ரூஸ் ஆற்றின் வேகத்தை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாமல், ஆட்கள் கரையில் நடந்து முறைவைத்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். சாப்பாடு குறைந்ததும் திரும்பிவிட்டார்கள். ஆறு புறப்படும் பெரிய ஏரி அவர்களுக்கு எட்டவில்லை. பாழ் நிலம், வறண்ட நிலம் என்றுதான் டார்வின் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஆனால் அதே குறிப்புகளில் வேறொன்றும் இருக்கிறது. ஒருநாள் காலையில் குதிரைகளின் குளம்புத் தடமும், நீண்ட ஈட்டிகள் மண்ணில் இழுபட்ட கோடுகளும் தென்படுகின்றன. ராத்திரி யாரோ வந்து இவர்களை வேவு பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். ஆளில்லாத நிலத்தில் ஈட்டிக் கோடு! டார்வின் அதைப் பதிவு செய்கிறார், ஆனால் அவருடைய ‘வெறுமை’ அதனால் கலைவதில்லை. ஐரோப்பியப் பயணியின் எழுத்து நிலத்தை ஓர் அத்தியாயத்திலும் மனிதர்களை வேறோர் அத்தியாயத்திலுமாகப் பிரித்துவைக்கிறது, இந்தப் பிரிப்பே நிலத்தைக் காலியாக்குகிறது என்று மேரி லூயிஸ் ப்ராட் ‘ஏகாதிபத்தியக் கண்கள்’ (1992) நூலில் வாதிடுகிறார். ஈட்டிக் கோடுகளைப் படித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

இந்த வரிசையில் ஒரே ஒருவர் கொஞ்சம் மாறுபடுகிறார். ஜார்ஜ் சாவொர்த் மஸ்டர்ஸ், பிரிட்டிஷ் கடற்படைக்காரர். 1869 ஏப்ரலில் புந்தா அரேனாஸில் தொடங்கி 1870 மே மாதம் வடக்கே ரியோ நெக்ரோ கரைக்கு வந்துசேர்ந்தார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தனியாக அல்ல, தெவெல்சே மக்களின் கூட்டத்தோடு. அவருடைய நூலின் பெயரே ‘படகோனியர்களின் வீட்டில்’ என்பதுபோலத்தான் இருக்கிறது (1871). அவரைக் கூட்டிப்போன தலைவர்களில் ஒருவர் ஓர்கெகே. அவருடைய கூடாரத்தில்தான் மஸ்டர்ஸுக்குத் தூங்கும் இடம்.

பயணம் எப்படி நடந்தது என்பதை மஸ்டர்ஸ் நிதானமாகச் சொல்கிறார். காலையில் பெண்கள் கூடாரத்தைப் பிரித்து, கழிகளையும் குவானாக்கோத் தோல்களையும் குதிரைகள்மீது ஏற்றிக் குழந்தைகளோடு பாதையில் வரிசையாகப் போவார்கள். ஆண்கள் பாதையில் போவதில்லை. இரு பக்கமும் விரிந்து பெரிய வட்டமாகி, குவானாக்கோவையும் நெருப்புக்கோழி போன்ற ரியாவையும் மடக்கி, கல் கட்டிய வார்களை எறிந்து வேட்டையாடிக்கொண்டே போய், சாயங்காலம் அடுத்த தங்குமிடத்தில் சேர்ந்துகொள்வார்கள். தங்குமிடத்துக்கு அவர்கள் மொழியில் ‘ஆய்க்கே’ என்று பெயர். தண்ணீர், விறகு, காற்றுக்கு மறைப்பு மூன்றும் அமைந்தால்தான் ஆய்க்கே. ஒன்றிலிருந்து அடுத்தது ஒருநாள் தூரம்.

இதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது இது: பாதையை உண்டாக்கியவர்கள் பெண்கள். வேட்டை வட்டத்துக்குத் தடம் கிடையாது. சுமையேற்றிய குதிரைகள் வருஷாவருஷம் அதே கோட்டில் மிதித்துப் போனதால்தான் தடம் விழுந்தது. மலையடிவாரத்தை ஒட்டி மஸ்டர்ஸ் போன அந்தக் கோடு ஏறத்தாழ இன்று சுற்றுலாப் பயணிகள் புனித யாத்திரைபோலப் போகும் நாற்பதாம் எண் தேசியச் சாலையின் படகோனியப் பகுதிதான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தச் சாலை 1935இல் ‘உருவாக்கப்பட்டது’ என்று வழிகாட்டி நூல்கள் சொல்லும். கலஃபாத்தே ஊரிலிருந்து சிலி நாட்டின் புவெர்த்தோ நத்தாலெஸுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தப்பி ஆய்க்கே என்ற சந்திப்பைக் கடக்கிறார்கள். ரியோ காஷேகோஸ் நகரத்தைச் சுற்றிய மாவட்டத்தின் பெயர் குவெர் ஆய்க்கே. சிலிப் பக்கம் எரிமலைக் குழிகளோடு இருக்கும் தேசியப் பூங்கா பாலி ஆய்க்கே. பெயர்களைச் சேர்த்து வாசித்தால் அந்தப் பழைய நாள்பயணக் கணக்கு இன்னும் வரைபடத்தில் கிடக்கிறது. அர்த்தம் தெரியாமல் அதன்மேல் வண்டி ஓடுகிறது.

சரி, ஓர்கெகே என்ன ஆனார்? வெள்ளையரோடு ஒருபோதும் சண்டை போடாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். 1883இல் புவெர்த்தோ தெசேயாதோ அருகே தன் கூட்டத்தோடு ராணுவத்திடம் பிடிபட்டார். கப்பலில் ஏற்றி பியூனஸ் அய்ரஸுக்குக் கொண்டுபோனார்கள். சமாதானமான ஆளைப் பிடித்துவிட்டோமே என்று சங்கடம் வந்திருக்க வேண்டும், கைதியை விருந்தாளியாக்கி நாடகக் கொட்டகைக்கு அழைத்துப்போனார்கள். ஜனங்கள் மேடையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் அங்கேயே நிமோனியாவில் இறந்தார். தன் கூடாரத்தில் ஓர் அந்நியனுக்கு இடம்கொடுத்து ஊர் சேர்த்தவர் அந்நியர்களின் ஊருக்கு வந்தபோது நடந்தது இவ்வளவுதான்.

இதைவிடக் கொடுமையான விருந்தோம்பலும் உண்டு. பிரான்சிஸ்கோ மொரேனோ என்ற பெயரை அங்கே போகிற யாரும் தவிர்க்க முடியாது. பனியாறு பெரித்தோ மொரேனோ, ஊர் பெரித்தோ மொரேனோ, தேசியப் பூங்கா பெரித்தோ மொரேனோ. மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. பனியாற்றைப் பார்க்க நினைத்து ஊருக்கு டிக்கெட் எடுத்தால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இறங்க வேண்டும். சிலியோடு எல்லை வழக்கில் நாட்டின் நிபுணராக இருந்ததால் அந்தப் பட்டம். டார்வினுக்கு எட்டாத ஏரியை 1877இல் எட்டி ‘அர்ஜென்டினோ’ என்று பெயர் வைத்தவர். ‘புகையும் மலை’ என்று தெவெல்சேக்கள் சொன்ன சால்தேன் சிகரத்துக்கு அதே வருஷம் ‘ஃபிட்ஸ்ராய்’ என்று பெயர் மாற்றியவரும் அவரே.

இந்த மொரேனோ தன் பயணங்களில் இனாகயால் என்ற தலைவரின் கூடாரங்களில் தங்கிச் சாப்பிட்டவர். ராணுவம் பிடித்துச் சிறைவைத்திருந்த இனாகயாலையும் குடும்பத்தாரையும் 1886 வாக்கில் அவர் தன் பொறுப்பில் கூட்டிவந்தார். கூட்டிவந்த இடம், அவர் இயக்குநராயிருந்த லா பிளாத்தா அருங்காட்சியகம். நன்றிக்கடன் என்றே அவர் நினைத்திருக்கலாம். அங்கே அவர்களை அளந்தார்கள், படமெடுத்தார்கள். பெண்கள் நெசவு நெய்தார்கள், வேலை செய்தார்கள். 1888இல் இனாகயால் அங்கேயே இறந்தார். எலும்புக்கூடு சேகரிப்பில் சேர்ந்தது. அந்தக் கட்டடத்தில் வாழும் மாதிரிகள், செத்த மாதிரிகள் என்ற வித்தியாசம்கூட நிலையானதாயில்லை. 1994இல்தான் அவருடைய எச்சங்களை சூபுத் மாகாணத்தின் டெக்கா ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அதிலும் முழுசாகக் கொடுக்கவில்லை. மூளையும் தலைத்தோலும் அருங்காட்சியகத்திலேயே இருந்தது பிற்பாடு தெரிந்து, 2014இல் இரண்டாம் தடவையாகக் கொடுத்தார்கள். டெக்கா நாற்பதாம் எண் சாலையில் இருக்கும் சிற்றூர். ஓர் ஆள் தன் சொந்த ஊருக்குப் போய்ச்சேர இரண்டு பயணமும் நூற்றிருபத்தாறு வருஷமும் ஆகியிருக்கிறது.

காலியாக்கிய நிலத்தில் ஆடு வந்தது. ஆட்டோடு கம்பிவேலி வந்தது. ஆய்க்கேயிலிருந்து ஆய்க்கேக்குப் போகும் நாள்பயணத்தைத் துப்பாக்கியைவிட நிரந்தரமாக நிறுத்தியது கம்பிவேலிதான் என்று நினைக்கிறேன். தீயேரா தெல் ஃபுயேகோ தீவில் செல்க்நாம் மக்களை வேட்டையாடக் காதுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். மிஞ்சியவர்களை தாவ்சன் தீவில் இருந்த சலேசியப் பாதிரிமார் மிஷனில் அடைத்தார்கள், பெரும்பாலோர் நோயில் மடிந்தார்கள். இதே தாவ்சன் தீவில்தான் 1973இல் பினோசே அரசாங்கம் அயெந்தேயின் அமைச்சர்களைக் கொண்டுபோய் அடைத்தது. சில இடங்களுக்கு அதிகாரம் ஒரே உபயோகத்தைத்தான் கண்டுபிடிக்கிறது.

ஆட்டுப் பண்ணைகளில் கூலிக்கு நின்றவர்கள் பெரும்பாலும் சிலியின் சீலோவே தீவிலிருந்து வந்த ஏழைகள். ஸ்பானியர்கள், போலந்துக்காரர்கள், ஜெர்மானியர்களும் உண்டு. 1920இல் அவர்கள் வைத்த கோரிக்கைகளை பாயர் தொகுத்திருக்கிறார். நான்கு மீட்டர் சதுர அறையில் மூன்று பேருக்கு மேல் படுக்க வைக்கக் கூடாது. மாதம் ஒரு கட்டு மெழுகுவர்த்தி வேண்டும். துணி துவைக்க வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும். மருந்துப் பெட்டியில் இருக்கும் குறிப்புகள் இங்கிலீஷில் இல்லாமல் ஸ்பானிஷில் இருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். வெட்டுப்பட்ட கையோடு ஒரு ஆள் புரியாத மொழியில் எழுதிய பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சி! இதற்குப் பெயர்தான் ‘கலகம்’.

முதல் வேலைநிறுத்தத்தின்போது வந்த லெப்டினன்ட் கர்னல் வரேலா பேச்சு நடத்தி ஒப்பந்தம் செய்துவைத்தார். முதலாளிகள் அதை மதிக்கவில்லை. 1921 கடைசியில் மறுபடி வேலைநிறுத்தம். இம்முறை அதே வரேலா சுட ஆரம்பித்தார். வேலைநிறுத்தக்காரர்கள் குதிரைகளில் பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ராணுவத்துக்குக் கார்களும், குறுக்குவழி தெரிந்த ஆட்களும் பண்ணைகளிலிருந்து கிடைத்தது. வழிகாட்டி என்ற பாத்திரம் இங்கே எப்படி மாறிவிட்டது பாருங்கள். கலஃபாத்தே பக்கத்தில் லா அனீத்தா பண்ணையில் டிசம்பரில் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். சரணடையலாம் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. ‘சுட்டுவிடுவார்கள்’ என்று சொன்ன அந்தோனியோ சோத்தோ சிலரோடு சிலி எல்லையைப் பார்த்துக் குதிரையை விட்டார். சரணடைந்தவர்களைக் குழிவெட்ட வைத்துச் சுட்டார்கள். வடக்கே வண்டிக்காரர்களின் தலைவன் ஹோசே ஃபோந்த், கம்பளி மூட்டை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தவன், ராணுவத்தை எதிர்த்து நின்றான். உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்கை நம்பிச் சரணடைந்தான். ஹாரமீயோ ரயில் நிலையத்தருகே சுடப்பட்டான். மொத்தம் ஆயிரத்தைந்நூறு பேர்வரை என்பது பாயர் தரும் கணக்கு. அதை மறுப்பவர்களும் உண்டு. எண்ணிக் குறித்துக்கொண்டு சுடவில்லையே.

படை திரும்பும் வழியில் 1922 பிப்ரவரியில் சான் ஹூலியானில் சிப்பாய்களை ஒரு விபசார விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஐந்து பெண்கள் கதவைத் திறக்க மறுத்தார்கள். ‘கொலைகாரப் பயல்களோடு படுக்க மாட்டோம்’ என்று துடைப்பத்தால் அடித்து விரட்டினார்கள். கைதானார்கள். நானூறு வருஷத்துக்கு முன் பரிசு கொடுத்து விலங்கு பூட்டிய அதே விரிகுடா. அந்த ஊரில் மெகல்லனின் கப்பல் மாதிரியைச் செய்து சுற்றுலாவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

சாட்வின் 1974 கடைசியில் அங்கே போகிறார். லாரிகளில் தொற்றிக்கொண்டும் நடந்தும் சுற்றுகிறார். 1921ஐப் பற்றி எழுதத்தான் செய்கிறார், பாயரின் நூலைத் தேடிப் படித்து மதிப்புரையும் எழுதியவர். ஆனால் அவருடைய கதையாடலில் அந்த வண்டிக்காரனும் சோத்தோவும் வங்கிக் கொள்ளைக்காரர்களோடும் அழிந்துபோன விலங்கின் தோலோடும் ஒரே அலமாரியில் அடுக்கப்படுகிறார்கள். எல்லோரும் விநோதங்கள். அவருக்கு இரண்டே வருஷம் முன்னால், 1972 ஆகஸ்டில், ராவ்சன் சிறையிலிருந்து இருபத்தைந்து அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள். வர வேண்டிய லாரிகள் சைகை புரியாமல் போய்விட்டன. ஆறு பேர் காரில் ட்ரெலேவ் விமான நிலையத்துக்கு நேரத்தோடு சேர்ந்து விமானத்தில் சிலிக்குத் தப்பினார்கள். மற்ற பத்தொன்பது பேர் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தபோது விமானம் கிளம்பிவிட்டது. சரணடைந்தவர்களைக் கடற்படை முகாமில் ஒரு வாரம் கழித்துச் சுட்டார்கள், பதினாறு பேர் செத்தார்கள். படகோனியாவில் போக்குவரத்து என்று நான் கேட்கும்போது இந்த டாக்ஸிகளும் அதில் சேர்த்திதான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அமைப்பு ஒன்றேதான். உசுவாயாவில் பயணிகள் ஏறும் ‘உலகக் கடைசி ரயில்’ விறகு வெட்டக் கைதிகள் போட்ட பாதையில் ஓடுகிறது. சிலிப் பக்கம் 1976இல் தொடங்கிய தென்கோடி நெடுஞ்சாலை, ஆயிரத்திருநூறு கிலோமீட்டருக்கு மேல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் உழைத்தது, சர்வாதிகாரியின் பெயரையே தாங்கியிருந்தது. இன்று சைக்கிள் பயணிகளின் சொர்க்கம் என்கிறார்கள். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. படத்தில் பார்த்தாலே மூச்சு நிற்கிறது.

பால் தெரூவின் புத்தகத்தால் (1979) உலகப் புகழ்பெற்ற ‘லா த்ரோச்சீத்தா’ என்ற குட்டி ரயிலின் பாதை லெலேகே வழியாகப் போகிறது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், 1945இல் எஸ்கேல் ஊரை எட்டியது. அந்தப் பக்கத்து நிலம் ‘பாலைவன வெற்றி’க்குப் பின் பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போய், 1991இல் இத்தாலியின் பெனட்டன் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஹெக்டேர். அதில் ஒரு துண்டை மபூச்சே குடும்பங்கள் 2015இல் எங்கள் மூதாதையர் நிலம் என்று சொல்லி ஆக்கிரமித்தன. ‘மீட்டன’ என்பது அவர்கள் சொல். 2017 ஜனவரியில் அவர்கள்மீது பாதுகாப்புப் படை ஏவப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம், சுற்றுலா ரயிலின் தண்டவாளத்தை மறித்திருக்கிறார்கள் என்பது. அதே ஆகஸ்டு 1ஆம் தேதி நாற்பதாம் எண் சாலையை மறித்தவர்களைப் படை துரத்திக்கொண்டு உள்ளே போனது. அங்கே ஆதரவாக நின்ற சாந்தியாகோ மல்தொனாதோ அதற்குப் பிறகு காணவில்லை. இருபத்தெட்டு வயது, கைவினைக் கலைஞர், வடக்கேயிருந்து வந்து பக்கத்து ஊரில் தங்கியிருந்தவர். எழுபத்தேழு நாள் கழித்து சூபுத் ஆற்றில் உடல் கிடைத்தது. மூழ்கி இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை. குடும்பம் அதோடு வழக்கை முடிக்க ஒப்பவில்லை. பயணியாக வந்தவர், சாலையில் போவதற்குப் பதில் சாலையில் நின்றார்.

போன மாதம் அதே டீக்கடை. இதையெல்லாம் சொல்லி முடித்தேன். ‘சரி தோழர், போறதுன்னா எப்படிப் போறது?’ என்றார். நக்கலா உண்மையா என்று தெரியவில்லை. பியூனஸ் அய்ரஸிலிருந்து ரியோ காஷேகோஸுக்கோ கலஃபாத்தேக்கோ விமானம் உண்டு, அப்புறம் பஸ் என்றேன். கலஃபாத்தேயில் இறங்குகிற எல்லோரும் பனியாற்றைப் பார்க்கத்தான் போவார்கள். லா அனீத்தாவில் செத்தவர்களுக்கு அங்கே சாலையோரமாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டால் நிறுத்திப் பார்க்கலாம். ரியோ காஷேகோஸ் நுழைவாயிலில் பாயருக்கு 2023இல் ஒரு சிலை வைத்தார்கள். அதை இனித் தேட வேண்டாம். 2025 மார்ச் 25ஆம் தேதி இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்துவிட்டார்கள். இடித்தது தேசிய சாலைத்துறை.